கன்வேயர் முடியும் இடத்தில் நிற்பவர் யார்?

50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று, ஆலையின் பொதியிடும் இயந்திரத்திலிருந்து கிளம்பி லாரியின் தளத்தில் அடுக்கப்படும்வரை ஏறத்தாழ முழுத் தொலைவையும் கன்வேயர் பட்டையின் மீதே கடக்கிறது. அந்த 'ஏறத்தாழ' என்னும் சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. பட்டை சுமக்காமல் விட்டுவைத்த சில அடி தூரத்தில் நிற்பவர் யார், அந்தச் சில அடிகள் ஏன் விடுபட்டன, சட்டம் அவற்றை எந்தப் பெயரிட்டு அழைக்கிறது ஆகிய கேள்விகள் பொறியியல் கேள்விகளைப் போலத் தோன்றினாலும், அவற்றைப் பொறியியலால் மட்டும் விளக்கிவிட முடியாது என்று நாம் கருதுகிறோம்.

முதலில் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அரியலூர் போன்ற சுண்ணாம்புக்கல் வளமுள்ள மாவட்டங்களில் இயங்கும் பெரிய ஆலைகளில் ரோட்டரி பேக்கர் எனப்படும் சுழல் இயந்திரத்தைக் காணலாம். அதைச் சுற்றி எட்டு அல்லது அதற்கும் மேற்பட்ட குழாய் வாய்கள் இருக்கும். ஒவ்வொரு வாயிலும் காலிப் பை மாட்டப்படுகிறது. இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் பை நிரம்பி, எடை 50 கிலோவை எட்டியதும் அடைப்பு தானே மூடிக்கொள்ள, மூட்டை கீழேயுள்ள பட்டையில் விழுகிறது. மணிக்கு 120 டன் பொதியிடும் இயந்திரம் என்றால் மணிக்கு 2,400 மூட்டைகள். அதாவது ஒன்றரை நொடிக்கு ஒரு மூட்டை.

மூட்டையைக் கன்வேயரில் நகர்த்துவது பெட்டியை நகர்த்துவதைப் போல எளிதன்று. பெட்டியின் அடிப்பாகம் தட்டையானது, உறுதியானது. மூட்டையோ மென்மையானது, அப்போதுதான் நிரப்பப்பட்டதால் காற்று புகுந்து உப்பியிருக்கும், உருளைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் தொய்ந்து அமுங்கும். ஆகவே உருளைகளைப் பயன்படுத்தும் இடங்களில், எந்த நேரத்திலும் மூட்டைக்கு அடியில் குறைந்தது மூன்று உருளைகளேனும் இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் பழைய விதி. மேல்நோக்கி ஏற்ற வேண்டிய இடங்களில் உருளை உதவாது, ரப்பர் பட்டையே வேண்டும். அதிலும் சரிவு ஏறத்தாழ 20 பாகையைத் தாண்டினால் மழமழப்பான பட்டையில் மூட்டை வழுக்கிப் பின்னோக்கி வரும்; சொரசொரப்பான மேற்பரப்போ குறுக்குத் தடுப்புகளோ கொண்ட பட்டையை அமைக்க வேண்டும். உயரத்திலிருந்து இறக்குவதற்குத் திருகுசுருள் வடிவச் சறுக்குத் தடம் உண்டு. உராய்வே அங்குப் பிரேக்காக வேலை செய்கிறது. வழியிலேயே மூட்டையின் மீது படிந்த தூளை உறிஞ்சும் கருவி, எடையைச் சரிபார்த்துக் குறையுள்ள மூட்டையை ஒதுக்கித்தள்ளும் கருவி, மூட்டைகளை வெவ்வேறு லாரித் தடங்களுக்குப் பிரித்தனுப்பும் தடுப்புக்கை ஆகியனவும் உண்டு.

இவ்வளவு நுட்பமும் கடைசியில் வந்து சேருவது லாரி ஏற்றும் கன்வேயருக்கு. அது தண்டவாளத்தின் மீது முன்னும் பின்னும் நகரக்கூடியது. தன் முனையை லாரியின் தளத்துக்குள் தாழ்த்தித் தரக்கூடியது. முனையிலிருந்து மூட்டை சரிந்து விழும் இடத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்கள் அதைப் பிடித்துத் தூக்கித் திரும்பி, வரிசை பிசகாமல் அடுக்க வேண்டும்.

மணிக்கு 2,400 மூட்டைகள் மூன்று தடங்களுக்குப் பிரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடத்துக்கு 800. லாரியில் நால்வர் நின்றால் ஆளுக்கு 200 மூட்டைகள். ஒரு மணி நேரத்தில் ஒரு மனிதரின் கைகள் வழியாகக் கடந்து செல்வது 10 டன். 18 நொடிக்கு ஒரு முறை 50 கிலோ. லாரி மாறும் இடைவெளியைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு பணிமுறையின் முடிவில் வரும் தொகை பல பத்து டன்களில்தான் நிற்கும்.

கன்வேயர் வந்தபின் சுமையின் இயல்பே மாறிவிட்டது என்பதையும் இங்குக் கவனிக்க வேண்டும். சும்மாடு வைத்துத் தலைச்சுமையாகப் பலகை மீதேறி மூட்டை கொண்டுபோன காலத்தில் நடக்கும் தொலைவு மிகுதியாக இருந்தது. எனினும் நடையின் வேகம் சுமப்பவருடையதாக இருந்தது. திரும்பி வரும் வெறுங்கை நடை ஓய்வாக அமைந்தது. கன்வேயர் அந்த நடையை நீக்கியது. கூடவே அந்த ஓய்வையும் நீக்கியது. இப்போது வேகத்தைத் தீர்மானிப்பது பேக்கரின் சுழற்சி. கூலியோ டன்னுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், பட்டை நின்றால் நட்டம் தொழிலாளருக்கும் உண்டு. எனவே அவரே பட்டையை நிறுத்த விரும்பமாட்டார்.

அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த சூத்திரத்தின்படி, எல்லாச் சூழ்நிலைகளும் உகந்தவையாக இருக்கும்போது ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கப்படும் உச்ச எடை 23 கிலோ. உடலை முறுக்கித் திரும்பினாலோ, எடை உடலிலிருந்து விலகி இருந்தாலோ, தூக்கும் முறைகள் கூடினாலோ அந்த எண் மேலும் குறையும். லாரித் தளத்தில் இம்மூன்றும் ஒருசேர நிகழ்கின்றன. சூடு தணியாத சிமெண்டும், வியர்வையில் கரையும்போது அதில் உண்டாகும் கடுங்காரத் தன்மையும் தோலை என்ன செய்யும் என்பது தனிக் கட்டுரைக்குரியது.

அப்படியானால் 50 கிலோ என்னும் எண் எங்கிருந்து வந்தது? இயற்கை அதை விதிக்கவில்லை. பிரிட்டிஷ் அளவை முறையில் 112 பவுண்டு கொண்டது ஒரு அந்தர். 20 அந்தர் ஒரு டன். அந்த அந்தர் மெட்ரிக் முறைக்கு மாறியபோது 50 கிலோவாகச் சீர்செய்யப்பட்டது. டன்னுக்கு 20 மூட்டை என்பது கணக்குப்பிள்ளைக்கு எளிது. சுமப்பவரின் முதுகெலும்பு அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அதே பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இன்று கடைகளில் 25 கிலோ சிமெண்ட் பைகளே பரவலாக உள்ளன. இந்தியாவிலும் சர்க்கரை முன்னர் 100 கிலோ மூட்டையில் வந்தது, பின்னர் 50 கிலோவாகக் குறைக்கப்பட்டது. சர்க்கரைத் தொழில் அதனால் மூழ்கிவிடவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் உச்ச எடை குறித்த 127-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிலாளரின் உடல்நலத்துக்குத் தீங்கு செய்யக்கூடிய எடையைச் சுமக்கும்படி எவரையும் பணிக்கக்கூடாது என்பதோடு, இயன்றவரை தகுந்த இயந்திரச் சாதனங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதன் சாரம். அதனுடன் வந்த 128-ஆம் பரிந்துரை, வயதுவந்த ஆணுக்கான எல்லையாக 55 கிலோவைக் குறிப்பிட்டது. இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்பதற்கு 2010 வரை ஆயிற்று. 50 கிலோ மூட்டை, 55 கிலோ என்னும் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது என்று நிறுவனங்கள் சொல்லும். எத்தனை முறை தூக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த 55-இல் விடையில்லை.

பட்டையின் அடியில்

லாரி முனையைப் பற்றிப் பேசுபவர்கள்கூடப் பட்டையின் அடிப்பகுதியைப் பார்ப்பதில்லை. மூட்டைகள் கிழிகின்றன; வால்வு வழியே தூள் கசிகிறது; சிந்திய சிமெண்ட், திரும்பும் பட்டையோடு ஒட்டிக்கொண்டு போய் உருளைகளில் கட்டியாகப் படிகிறது. அது படியப் படியப் பட்டை ஒருபக்கமாக விலகி ஓடும். ஆகவே அடியில் குனிந்து கூட்டி அள்ள யாரேனும் எப்போதும் தேவைப்படுகிறார்.

கன்வேயரில் மிகவும் ஆபத்தான இடம், பட்டையும் உருளையும் சந்திக்கும் கவ்வுமுனை. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பட்டை ஓடுகிறது, கையை இழுத்துக்கொள்ள ஒருவருக்கு அரை நொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் அரை மீட்டர் பட்டை உள்ளே போய்விட்டிருக்கும். ஒரு கையின் நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான். துடைப்பமோ சேலைத் தலைப்போ முதலில் சிக்கும், பிறகு உடல். இதைத் தடுக்கும் முறைகள் யாவும் பழையவை, எளியவை: கவ்வுமுனைகளுக்கு வலைக்காப்பு, பட்டை நெடுக இழுத்தால் நிற்கும் கயிற்றுச் சுவிட்ச், பட்டையை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பின்னரே அடியில் செல்லுதல். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவில் காப்பு வேலியைக் கட்டாயமாக்கியது. இயங்கும் இயந்திரத்தைத் துப்புரவு செய்யப் பெண்களையும் இளையோரையும் அனுப்பக்கூடாது என்றது 22-ஆம் பிரிவு. ஆனால் துப்புரவுப் பணியாளர் இயந்திரத்தைத் தொடுவதாக ஆவணத்தில் எங்கும் இருக்காது. அவர் 'தரையைக் கூட்டுபவர்'. தரை எங்கே முடிகிறது, இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்பதை விபத்துக்குப் பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

ஆக, முழுமையாக இயந்திரமயமானதாகச் சொல்லப்படும் பொதியிடும் பிரிவில் மனித உடலுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் இரண்டு: பட்டையின் முனை, பட்டையின் அடி. சுமையும் துப்புரவும். இவ்விரண்டு சொற்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது நம் வாசகர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறோம். இருந்தும் சொல்லியாக வேண்டும்.

ஏன் இவ்விடங்கள்?

பொறியாளர் தரும் விடை இது: லாரிகள் ஒரே அளவில் இல்லை, சுவர்ப் பலகைகள் உயர்ந்திருக்கும், தளம் கோணியிருக்கும், ஆகவே கடைசி அடுக்கலை இயந்திரத்திடம் விடுவது கடினம். இது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. லாரியின் மேலிருந்து இறங்கி, மூட்டைகளைத் தானே வரிசைப்படுத்தி அடுக்கும் தானியங்கி ஏற்றுக் கருவிகள் உலகச் சந்தைக்கு வந்து நீண்ட காலம் ஆகிறது. மூட்டையே இல்லாமல் தொட்டி லாரிகளில் தூளாக அனுப்பும் முறையும் உண்டு. அமெரிக்காவில் சிமெண்ட்டின் பெரும்பகுதி அப்படித்தான் செல்கிறது. இந்தியாவில் வீடு கட்டுபவர் பத்து மூட்டை, இருபது மூட்டை என்று வாங்குவதால் மூட்டை நீடிக்கிறது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆலைக்குள் தோள் நீடிப்பதற்கு அது காரணமாகாது. இயந்திரத்தின் விலையையும் ஒப்பந்தக் கூலியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பல இடங்களில் தோள் இன்னும் மலிவாக இருக்கிறது, காரணம் அவ்வளவே. தோளின் விலை இவ்வளவு குறைந்தது எவ்வாறு என்பதே நாம் கேட்க வேண்டியது.

ஆலை வரும் ஊர்களில் 'நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை' என்னும் வாய்ப்பாடு நெடுங்காலமாகப் புழங்குகிறது. கேட்பதற்கு நியாயமானது. பட்டா வைத்திருந்தவருக்கே அது பயன்படும். அதே நிலத்தில் தலைமுறைகளாகக் கூலிவேலை செய்து, ஆலையின் வரவால் அந்தக் கூலியையும் இழந்த சேரிக் குடும்பத்திடம் கொடுப்பதற்கு நிலம் ஏது? அவர்களுக்கு ஆலையின் வாசல் திறப்பது மேஸ்திரியின் வழியாக. மேஸ்திரி திறக்கும் கதவு லாரித் தளத்துக்கும் பட்டையின் அடிக்கும் மட்டுமே போகிறது. ஆலை அரசுக்குச் சொந்தமானதாக இருந்தாலும் இடஒதுக்கீடு நிரந்தரப் பணியிடங்களுக்கே பொருந்தும்; ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள். வடமாநிலங்களிலிருந்து இப்போது அழைத்துவரப்படும் சுமைப்பணித் தொழிலாளர்களுள்ளும் தலித்துகள், பழங்குடியினர், நிலமற்ற பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரையே நாம் அதிகம் காண்கிறோம்.

சுமை தூக்குவோர் எல்லோரும் தலித்துகள் என்று நாம் சொல்லவில்லை. மும்பையின் மதாடித் தொழிலாளருள் பெரும்பகுதியினர் மேற்கு மகாராஷ்டிரத்திலிருந்து வந்த மராத்தாக்கள். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் போராடியதன் விளைவாக 1969-இல் மகாராஷ்டிர மதாடிச் சட்டம் வந்தது. வேலைகொடுப்பவர் கூலியையும் அதற்கு மேல் ஒரு வரித்தொகையையும் வாரியத்தில் செலுத்த, வாரியம் சேமநலநிதி உள்ளிட்ட உரிமைகளை வழங்கும் ஏற்பாடு அது. தமிழ்நாட்டிலும் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. சாதிப் பின்புலமும் எண்ணிக்கை பலமும் கொண்ட ஒரு கூட்டம் சுமை தூக்கும்போது அவ்வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு எவ்வளவு விரைவில் கூடிவருகிறது என்பதை மதாடி வரலாறு காட்டுகிறது. நமக்கு அது ஒரு முன்மாதிரியும் ஆகும்.

சட்டம் வரைந்த கோடு

சிமெண்ட் தொழிலில் ஊதியக் குழுப் பரிந்துரைகளும் அவற்றின் வழிவந்த ஒப்பந்தங்களும் ஒப்பந்தத் தொழிலாளர் முறையை விலக்கின. அதில் ஒரு விதிவிலக்கு இருந்தது: ஏற்றுதலும் இறக்குதலும். ஆலைக்குள் மற்றவர் அனைவரும் ஊழியராகலாம். மூட்டையைத் தொடுபவர் ஒப்பந்தக்காரரின் ஆளாகவே இருக்கலாம்.

இன்று அந்த விதிவிலக்கு ஒரு தொழிலைத் தாண்டி நாடு முழுவதற்குமான சட்டமாகியுள்ளது. 2020-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. நல்லதுதான். ஆனால் மையப் பணி என்பதற்கு அது தரும் வரையறையைப் படித்துப் பாருங்கள். நிறுவனம் அதற்கென்றே நிறுவப்பட்டதாக இருந்தாலன்றி மையப் பணியாகக் கருதப்படாதவை என்று ஒரு பட்டியல் அங்குத் தரப்பட்டுள்ளது. துப்புரவுப் பணி அதில் இருக்கிறது. நிறுவன வளாகத்துக்குள் நடக்கும் ஏற்றுதலும் இறக்குதலும் இருக்கின்றன. பட்டையின் அடியும் பட்டையின் முனையும் சட்டத்தின் ஒரே பட்டியலில் வந்து சேர்ந்துவிட்டன. ஏற்றாமல் ஒரு மூட்டையும் விற்பனையாகாது, கூட்டாமல் பட்டை ஓடாது. எனினும் இவை ஆலையின் மையத்துக்கு அப்பாற்பட்டவை. ஊருக்கு இன்றியமையாதவர்களை ஊருக்கு வெளியே குடியமர்த்தும் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த வரையறை புதிதாகத் தோன்றாது.

அதே தொகுப்பு ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையை 20-லிருந்து 50-ஆக உயர்த்தியுள்ளது. ஒரு பொதியிடும் பிரிவின் ஏற்றுப் பணியை ஒரே ஒப்பந்தக்காரரிடம் தராமல் இருவரிடமோ மூவரிடமோ பிரித்துத் தந்தால் எவருடைய கணக்கிலும் 50 பேர் வரமாட்டார்கள்.

இயந்திரத்தை நாம் எதிர்க்கிறோமா?

இல்லை. 1945-இல் வெளிவந்த நூலில் காந்தியத்தை விமர்சித்த அம்பேத்கர், மனிதரை விலங்கு வாழ்விலிருந்து விடுவிக்க இயந்திரம் தேவை என்று வாதிட்டார். இயந்திரத்தால் விளையும் தீமைகளுக்குக் காரணம் அதன் பலனைச் சிலருக்கே உரியதாக்கும் சமூக அமைப்பு என்றும், திருத்த வேண்டியது அந்த அமைப்பையே என்றும் அவர் கருதினார். இராட்டைக்கும் கைவினைக்கும் புனிதம் கற்பித்தவர்களோடு அவருக்கிருந்த முரண்பாட்டின் ஒரு வேர் இதுவே.

இயந்திரத்தின் அருகில் யார் நிற்பது என்ற கேள்வியையும் அவர் முன்பே எதிர்கொண்டிருந்தார். பம்பாய் ஆலைகளில் கூலி உயர்ந்த நெசவுப் பிரிவு தீண்டப்படாதோருக்கு மூடப்பட்டிருந்தது. அறுந்த நூலை வாயால் ஈரமாக்கி இணைக்க வேண்டியிருந்ததால், தலித் தொழிலாளரின் எச்சில் பட்ட நூலைத் தொட மற்றவர்கள் மறுத்தனர். ஒரே ஆலை, ஒரே கொடி, ஒரே வேலைநிறுத்தம். ஆனால் நெசவுப் பிரிவில் மட்டும் அவர்கள் நுழைய முடியாது. 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இந்தத் தடையை நீக்க வேண்டுமென வலியுறுத்தினார். இன்றைய பொதியிடும் பிரிவில் எச்சிலைப் பற்றிய பேச்சு இல்லை. கட்டுப்பாட்டு அறைக்கு டிப்ளமோ, ஐடிஐ சான்றிதழ், முன் அனுபவம், 'நம்மவர் ஒருவரின்' பரிந்துரை ஆகியவை கேட்கப்படுகின்றன.

தானியங்கி ஏற்றுக் கருவிகள் இங்கும் ஒவ்வோர் ஆலையாக வரத் தொடங்கியுள்ளன. அவை வரும் நாளில் லாரித் தளத்தில் நின்றவருக்கு என்ன கிடைக்கும்? இயந்திரமயமாக்கலால் ஆட்குறைப்பு நேரக்கூடுமெனில் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் கூறியது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அக்கடமை இருக்கிறது. ஆட்குறைப்பு இழப்பீடும் உண்டு. ஆனால் அதற்குத் தொடர்ந்து பணிபுரிந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் மூட்டை அடுக்கியவரின் பெயர் ஆலையின் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதபோது, மாறிய நான்கு ஒப்பந்தக்காரர்களில் மூவர் ஊரிலேயே இல்லாதபோது, மெய்ப்பிப்பது எப்படி? சேதமுற்ற முதுகெலும்பு தொழிலாளர் நீதிமன்றத்தில் வருகைப் பதிவேடாக ஏற்கப்படுவதில்லை.

ஆகவே இயந்திரம் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஏற்றுப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் இஎஸ்ஐ, சேமநலநிதி எண்கள் உள்ளனவா, கூலிச் சீட்டில் ஆலையின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்வது அதில் முதலாவது. புதிய கருவியை இயக்கவும் பராமரிக்கவும் ஏற்படும் பணியிடங்களில், அந்தத் தளத்தில் நின்றவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பயிற்சியுடன் முன்னுரிமை வேண்டும் என்பதை, கருவி வாங்கப்படும்போதே தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதவைப்பது அடுத்தது. நிரந்தரத் தொழிலாளரின் சங்கங்கள் இதைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 25 கிலோ மூட்டை வேண்டும் என்ற கோரிக்கைக்கு இயந்திரம் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அது கிடங்கிலும் கடையிலும் கட்டுமானத் தளத்திலும் சிமெண்ட் சுமக்கும் எல்லோருக்கும் உரியது.

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணியாகக் கன்வேயர் வடிவமைக்கும் மாணவர்கள் பலர். பட்டையின் அகலம், மோட்டாரின் திறன், உருளைகளின் இடைவெளி எல்லாம் கணக்கிடப்படும். வரைபடம் லாரியின் பின்பக்கப் பலகையோடு முடிந்துவிடும். இந்த ஆண்டு அதை வரைபவர்கள், பலகைக்கு அப்பால் இருக்கும் அந்தச் சில அடிகளையும் தாளில் சேர்த்து வரைந்து, அங்கு நிற்பவர் ஒரு மணி நேரத்தில் தூக்கும் எடையை ஓரத்தில் எழுதிக்காட்டலாம். மதிப்பெண் தருபவர் அதைப் பற்றி என்ன கேட்கிறார் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.